ஒரு கம்பும் ஒரு சாணும்

எங்கள் தோட்டத்துக் கோயில் கமிட்டியில் ஏழு ஆண்கள் இருந்தார்கள். ஏழு பேரும் ஒன்றாகச் சேர்ந்து கொட்டகலை ஸ்டேசனுக்கு ஒரு மூட்டை அனுப்பினால் அது மஸ்கெலியாவுக்குப் போய்ச் சேரும். அப்படிப்பட்டவர்கள்தான் அம்மனுக்குச் சிலை செய்யக் கிளம்பினார்கள்.

இலங்கைக்குச் சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது, எங்களுக்கு நாடு போனது. இங்கேயும் பிரஜை இல்லை, அங்கே இந்தியாவிலேயும் பிரஜை இல்லை. ஓட்டு கிடையாது. ஆகவே தலைவர் ஆக வேண்டும், தீர்மானம் போட வேண்டும், ஒருத்தரை ஒருத்தர் எதிர்த்துப் பேச வேண்டும் என்ற ஆசைகளையெல்லாம் எங்கள் ஆண்கள் கோயில் கமிட்டியிலேயே தீர்த்துக்கொண்டார்கள். பெரிய கங்காணி தலைவர். தோட்டத்து ஸ்டோரில் தேயிலைப் பெட்டிக்கு எண் எழுதுகிறவர் செயலாளர். மீதி ஐந்து பேரும் "ஆமாங்க" சொல்லுகிற உறுப்பினர்கள்.

கோயில் என்பது தகரக்கூரை போட்ட ஒற்றை அறை. உள்ளே மஞ்சள் பூசிய ஒரு கல். அதுதான் அம்மன். அந்தக் கல்லுக்கு ஒரு முகம் வேண்டும் என்று முதலில் நினைத்தது கமிட்டி அல்ல, என் அம்மா. அப்பா காய்ச்சலில் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. ஒருநாள் விளக்கு வைத்துவிட்டு வந்து, "அவகிட்ட எல்லாத்தையும் சொல்றோம், அவளுக்குக் கேக்குறதுக்குக் காது இருக்கு, பாக்குறதுக்குக் கண்ணு இல்லையே" என்றாள். மறுநாளிலிருந்து ஒரு தகர டின்னைத் தூக்கிக்கொண்டு, வரிசை வீடுகளான மூன்று லயத்துக்கும் போனாள். ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி அந்த டின்னில் விழும். மூன்று வருஷம் மழை, பனி, காய்ச்சல் எதுவும் பார்க்காமல் போனாள். அந்த அரிசியைக் கடைவீதியில் விற்றுச் சேர்த்த காசுதான் சிலைக்கான முதல். சேர்ந்து முடிந்த அன்றைக்குத்தான் கமிட்டி என்ற ஒன்றே பிறந்தது. அதுவரை எங்கே இருந்தார்கள் என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது.

இந்த இடத்தில் பெரிய கங்காணியின் ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். விடியற்காலையில், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்துக்குப் போகும் வழியில் என் அம்மா எதிரே வந்துவிட்டால், மனுஷர் அப்படியே நின்று, திரும்பி வீட்டுக்குப் போய், திண்ணையில் உட்கார்ந்து, ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் புறப்படுவார். தாலியறுத்தவள் எதிரே வந்தால் அன்றைக்கு நாள் விளங்காதாம். அவர் தண்ணீர் குடித்து முடிக்கும்வரை இருநூறு பேர் குளிரில் வெடவெடத்துக்கொண்டு பெரட்டில் நிற்க வேண்டும். அதனால் அம்மா தோட்டத்தில் யாரும் எழுந்திருக்கும் முன்பே எழுந்து, யார் கண்ணிலும் படாமல் போய் ஓர் ஓரமாக நின்றுகொள்வாள். அவள் கொண்டுவந்த அரிசி ஆகும், அவள் முகம் ஆகாது.

சிலைக்கு அளவு எடுத்த கதைக்கு வருவோம்.

கோயில் கதவு குட்டை. உள்ளறை அதைவிடக் குறுகல். சிலை பீடத்தோடு எவ்வளவு உயரம் இருந்தால் உள்ளே போகும் என்று அளந்து பார்த்தது அம்மாதான். எதை வைத்து? மட்டக்கம்பை வைத்து. கொழுந்து பறிக்கும்போது செடியின் தலைமேல் படுக்க வைத்து மட்டம் பார்க்கிற மெல்லிய கம்பு அது. கம்புக்கு மேலே நிற்கிற கொழுந்தைத்தான் கிள்ள வேண்டும். ஒருத்தியின் கம்பைப் பார்த்துத்தான் இன்னொருத்தி வெட்டிக்கொள்வாள், அதனால் எங்கள் தோட்டத்தில் எல்லாக் கம்பும் ஏறத்தாழ ஒரே நீளம். அது எவ்வளவு என்று எந்தப் பொம்பளையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கையை விரித்துக் காட்டிவிடுவாள். அம்மா அளந்து சொன்னாள்: "ஒரு கம்பும் ஒரு சாணும். அதுக்கு மேல ஒரு வெரல் போனாலும் உள்ள போவாது. கம்பையும் கொண்டுட்டுப் போங்க."

கொண்டு போனார்களா? கொண்டு போனால் அவர்கள் கமிட்டியா?

கம்பளைக்கு அப்பால் ஒரு சின்ன ஊர். கல்லிலும் மரத்திலும் சிலை செய்கிறவர்கள் பரம்பரையாக இருக்கிற ஊர். அங்கே போய் அளவு கொடுத்துவிட்டு வரத் தலைவரும் செயலாளரும் ரயில் ஏறினார்கள். தலைவர் வெள்ளை வேட்டி, கறுப்புக் கோட்டு, தலைப்பாகை. செயலாளர் கையில் குடை. அம்மா கம்பை நீட்டியபோது தலைவர் அதை ஏதோ செத்த பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"பொம்பளைங்க கொழுந்துக் கம்பைக் கையில புடிச்சுக்கிட்டு ரயில்ல போகச் சொல்றியா? பாக்குறவன் என்னா நெனைப்பான்?"

"அளவுக்குத்தாங்க" என்றாள் அம்மா.

"அளவு எங்களுக்குத் தெரியும்."

தெரியுமாம்! ஆண்கள் கவ்வாத்து வெட்டுவார்கள், தண்ணீர் ஓடக் கான் வெட்டுவார்கள், மண்ணைக் கிளற முள்ளுக் குத்துவார்கள். கொழுந்து பறிப்பது பொம்பளை வேலை. மட்டக்கம்பை அவர்களில் ஒருத்தர்கூட ஒரு நாள் கையில் பிடித்தது கிடையாது. கங்காணி இருபது வருஷமாக அந்தக் கம்பைக் காட்டித்தான் எங்களை ஏசிக்கொண்டிருந்தார், ஆனால் அது எவ்வளவு நீளம் என்று அவருக்குத் தெரியாது. அங்கே போய் சிலை செய்கிறவர், "கம்பு எவ்வளவு?" என்று கேட்டிருக்கிறார். செயலாளர் குடையைக் காட்டியிருக்கிறார். தலைவர் குடையைத் தள்ளிவிட்டு இரண்டு கையையும் முடிந்தமட்டும் விரித்து, "இவ்வளவு" என்றிருக்கிறார். அவர் ஆள் குட்டை. குட்டையான மனுஷருக்கு எதையும் பெரிதாகக் காட்டித்தான் பழக்கம். இதையெல்லாம் செயலாளரே பிற்பாடு, பதவி போன கோபத்தில், வாய்விட்டுச் சொன்னது.

ஆறு மாதத்தில் சிலை தயார் என்று தகவல் வந்தது. ஆனால் ஒரு சிக்கல். சிலை செய்கிறவர் வயசாளி, இழுப்பு வியாதிக்காரர். மலைக் குளிருக்கு வர முடியாது, கண் திறப்பதைத் தன் பட்டறையிலேயே செய்துவிடுவதாகச் சொல்லியனுப்பினார். கமிட்டி கூடியது. கூடிக் கூடிப் பேசி, கொட்டகலைக் கடைவீதி முதலாளியின் லொறியைப் பிடித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் போய்க் கண் திறந்து அம்மனை அழைத்து வருவது என்று முடிவு செய்தது.

கண் திறந்ததும் அம்மன் முதலில் எதைப் பார்க்கிறாள் என்பதுதான் முக்கியம். கண்ணாடி பார்க்க வேண்டும், கன்றோடு பசு பார்க்க வேண்டும், சுமங்கலிகளைப் பார்க்க வேண்டும், கன்னிப் பெண்களைப் பார்க்க வேண்டும். கண்ணாடியைப் பிடிக்கிற பொறுப்பைத் தலைவர் யாரும் கேட்காமலே எடுத்துக்கொண்டார். சுமங்கலிகளுக்குத் தலைமை அவர் பெண்சாதி. கன்னிப் பெண்களில் நான் ஒருத்தி. எனக்கு வயது பத்தொன்பது, வாய்க்கு வயது நாற்பது என்று லயத்தில் சொல்லுவார்கள்.

அம்மா?

"ஒன் அம்மா வேணாம், புள்ள" என்றார் கங்காணி. "நல்ல காரியம் பாரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அரிசி எடுத்தது யாருங்க?" என்று கேட்டுவிட்டேன். அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள். அப்புறம் அவளே அவரிடம் கேட்டாள். அவள் யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. "அவ கண்ணத் தொறக்கயில ஒரு ஓரமா நின்னு பாத்துட்டு வந்துர்றேங்க. வேற ஒண்ணும் வேணாம்."

கங்காணி யோசித்தார். முப்பது பேருக்குச் சோறு கட்ட ஆள் வேண்டுமே! கடைசியில் உத்தரவு கொடுத்தார். அம்மா வரலாம். விடிகாலையில் சோறு ஆக்கி, தேங்காய்ச் சம்பல் அரைத்து, வாழையிலையில் கட்டி எடுத்துக்கொண்டு வரலாம். ஆனால் கண் திறக்கும்போது அம்மன் கண்ணில் படக்கூடாது. கையால் ஆக்கிய சோறு தொண்டையில் இறங்கும், முகம் மட்டும் இறங்காது. எத்தனை நுட்பமான சாத்திரம் பாருங்கள்.

நான் அம்மாவின் மட்டக்கம்பை எடுத்துச் சேலைக்குள் சுற்றி லொறியில் போட்டுக்கொண்டேன். எனக்கு அப்போதே ஒரு சந்தேகம்.

லொறி அட்டன் தாண்டி, கினிகத்தேனை இறக்கத்தில் வளைந்து வளைந்து இறங்கியது. தேயிலை முடிந்து ரப்பர் மரம் வந்தது. குளிர் குறைந்து பொம்பளைகள் ஒவ்வொருத்தியாகக் கம்பளியை அவிழ்த்தார்கள். நாவலப்பிட்டி தாண்டுவதற்குள் பாதிப் பேர் வாந்தி எடுத்து முடித்துவிட்டார்கள். கங்காணியின் பெண்சாதி சுமங்கலித் தலைவி அல்லவா, அவள்தான் முதலில் எடுத்தாள். அம்மா எலுமிச்சங்காயை நறுக்கி அவள் மூக்கில் பிடித்தாள். அப்போது யாரும் கை, முகம் எல்லாம் பார்க்கவில்லை.

அந்த ஊரை எப்படிச் சொல்லுவது? ரோட்டின் இரண்டு பக்கமும் சிலை. கடை வாசலில் சிலை, வீட்டு வாசலில் சிலை, வேலியோரத்தில் கைகால் இல்லாத சிலை. பாதி வெளியே வந்த யானை, கழுத்துவரை வந்த சிங்கம், வரிசை வரிசையாகப் புத்தர். எங்கே பார்த்தாலும் உளிச் சத்தம். கல்தூள் படிந்து வாழையிலைகூட வெள்ளையாக நின்றது. ஒருத்தருக்கும் கண் இல்லை. கண் என்பது கடைசி வேலை என்று சொன்னார்கள். நான் அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டே போனேன். அதுவரை என் வாழ்க்கையில் நான் பார்த்த அழகான பொருள் சினிமாக் கொட்டகை நோட்டீசு ஒன்றுதான். அன்றைக்கு எனக்கு உண்மையாகவே வாயடைத்துப் போனது. பத்து நிமிஷம்.

அதற்குள் நம்மவர்கள் தொடங்கிவிட்டார்கள். ஒரு சிங்கத்துக்கு மீசை போதாது என்றார் ஓர் உறுப்பினர். செயலாளர் ஒரு யானையின் தும்பிக்கையைத் தட்டிப் பார்த்து, "சிமிந்தியா?" என்றார். தலைவர் ஒவ்வொரு பீடத்திலும் பெயர் வெட்டியிருக்கிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தார். அவர் மனதில் ஓடியது என்னவென்று எனக்குத் தெரியும்.

பட்டறை பள்ளத்தில் இருந்தது. ரோட்டிலிருந்து பதினைந்து படி இறங்க வேண்டும். சிலை செய்கிற சிங்களக் கிழவர் எங்களைக் கும்பிட்டு வரவேற்றார். கைவேலைக்காரர்களை அந்தப் பக்கம் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். முற்றத்து நடுவில், முழங்கால் உயர மேடைமேல், சிவப்புத் துணி மூடி அம்மன் நின்றாள்.

துணிக்குள்ளேயே தெரிந்துவிட்டது. என் சந்தேகம் சரி.

நான் மட்டக்கம்பை எடுத்துப் பீடத்தில் ஊன்றி அளந்தேன். ஒரு கம்பு. அதற்கு மேல் ஒரு சாண். அதற்கும் மேலே அம்மன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தாள். இடுப்புக்கு மேல் முழுசாக ஓர் அம்மன்.

"கங்காணி ஐயா, இது கதவுல போவாதுங்க."

"ஏ புள்ள, வாய மூடு. நல்ல நேரத்துல அபசகுனமா பேசாத."

"அபசகுனம் இல்லீங்க, அளவு."

செயலாளர் சிலையைப் பார்த்தார், கம்பைப் பார்த்தார், தலைவரின் கையைப் பார்த்தார். மனுஷருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆனால் பதவி என்று ஒன்று இருக்கிறதே. "அம்மன் சக்திங்க" என்றார் கன்னத்தில் போட்டுக்கொண்டு. "கல்லுலயே வளந்துருக்கா." மற்ற ஐந்து பேரும் "ஆமாங்க" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அடேயப்பா! பாஸ் பாவம், தனக்கு இப்படி ஒரு திறமை இருப்பது தெரியாமல் விழித்துக்கொண்டு நின்றார்.

பிறகு அவர் தனக்குத் தெரிந்த தமிழில் ஒன்று சொன்னார். "முன்னுக்கு ஆள் நிக்க வாணாம். முதல் பார்வை சரியான பலம். நம்ம ஆள்கள் மரத்துக்கு, தண்ணிக்குத்தான் காட்டுறது. மனுசனுக்கு இல்ல." அவருக்குக்கூடக் கண் எழுதும்போது நேருக்கு நேர் பார்க்கிற உரிமை கிடையாதாம். சிலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சின்னக் கண்ணாடியில் பார்த்துத்தான் எழுதுவாராம். பரம்பரையாகச் செய்கிறவருக்கே பயம். எங்கள் தலைவருக்குப் பயமா? அவர் கடைவீதி சலூனில் இரவல் வாங்கிய சட்டம் போட்ட பெரிய கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு நேர் முன்னால் போய் நின்றார். பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிய பசுவும் கன்றும் அவருக்கு வலது பக்கம். சுமங்கலிகள் இடது பக்கம். நாங்கள் பின்னால்.

"நீ மேல ரோட்டுக்குப் போயிரு" என்றார் அம்மாவிடம். "லொறிக்குப் பின்னால நில்லு."

லொறிக்குப் பின்னால் நின்றால் எதைப் பார்ப்பது? மூன்று வருஷம் டின் தூக்கியவளுக்கு லொறிச் சக்கரத்தைக் காட்டுகிறார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, கோபத்தில் வருகிற அழுகை. அம்மா படி ஏறினாள். ஆறேழு படி ஏறினாள். அதற்கு மேல் ஏறவில்லை. அப்படியே திரும்பி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, எல்லோருடைய முதுகையும் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் வாழ்க்கையில் மீறிய உத்தரவு எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். கங்காணி கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றதால் அவரால் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

சிலையைச் சுற்றித் திரை பிடித்தார்கள். பாஸ் உள்ளே போனார். போனார், போனார், வெளியே வருகிற வழியைக் காணோம். வலது கண் முடிய அரை மணி. சலூன் கண்ணாடி லேசான சாமானா? தலைவர் கை முதலில் தலைக்கு மேல் இருந்தது. பிறகு நெற்றிக்கு வந்தது. பிறகு கழுத்துக்கு. பசு சாணி போட்டது. சுமங்கலித் தலைவிக்கு மறுபடியும் குமட்டியது. இடது கண் முடிந்து, பாஸ் தலையில் துண்டைப் போட்டு முகத்தை மூடிக்கொண்டு பக்கவாட்டில் விலகினார். திரை விழுந்தது.

யாரும் குலவை போடவில்லை. மறந்துவிட்டோம். அப்படி ஒரு முகம். எங்கள் பக்கத்து அம்மன்களுக்கு முழி பிதுங்கியிருக்கும், பல் வெளியே இருக்கும். இவள் கோபப்படவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. நாள் முழுக்க வேலை செய்துவிட்டு வந்து உட்கார்ந்து, சொல்லு, என்ன விஷயம் என்று கேட்கிற பொம்பளையின் முகம். நான் அழுதுவிட்டேன். ஏன் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

தலைவருக்கு அதெல்லாம் பற்றிக் கவலையில்லை. "பாஸ், மொதப் பார்வை கண்ணாடியிலதான விழுந்துச்சு? எங்கிட்டதான?"

கண்ணாடி அவர் நெஞ்சில் இருந்தது. அம்மன் கண் அவர் தலைப்பாகைக்கு ஒரு முழம் மேலே இருந்தது. யாருக்கும் சொல்லத் தைரியம் வரவில்லை. பாஸுக்கு எங்கள் தோட்டத்து அரசியல் தெரியாது, தொழில் மட்டும் தெரியும். கேட்ட கேள்விக்குப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்துவிட்டார். என் கையில் இருந்த மட்டக்கம்பை வாங்கினார். மேடைமேல் ஏறி, அம்மன் காதோரமாகக் கண் மட்டத்துக்குக் கம்பைப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் நுனி போகிற வழியைப் பார்த்தார். கம்பு தலைவருக்கு மேலே போனது. பசுவுக்கு மேலே, சுமங்கலிகளுக்கு மேலே, எங்கள் எல்லோர் தலைக்கும் மேலே போனது. நாங்கள் முப்பது பேரும் அது போகிற பக்கம் திரும்பினோம்.

ஏழாவது படியில் அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

"ஏ அம்மவ தமய் பலன்னே" என்றார் பாஸ், நல்ல மனதோடு. பிறகு எங்களுக்கு விளங்கவில்லையோ என்று தமிழிலும் சொன்னார். "அந்த அம்மாவத்தான் பாக்குறாங்க."

அம்மா முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். மறைந்துகொள்ள இடம் தேடுகிறவள்போல அங்கும் இங்கும் பார்த்தாள். பிறகு தேடுவதை விட்டுவிட்டு அம்மனையே பார்த்தாள். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டார்கள். அளவைக் கையை விரித்துக் காட்டிய தலைவருக்கு என் மனதுக்குள் முதலும் கடைசியுமாக ஒரு கும்பிடு போட்டேன்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன். ஆனால் தலைவர்கள் லேசில் தோற்பதில்லை. கண் திறந்த அம்மனைப் படுக்க வைக்கக்கூடாது என்பதால் லொறியில் நிற்க வைத்துக் கட்டினோம். கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிடும்போது கங்காணிக்குப் புத்தி வேலை செய்துவிட்டது. அம்மா அரைத்த சம்பலை வழித்துத் தின்றுகொண்டே எல்லோருக்கும் விளக்கம் சொன்னார்.

"மொதப் பார்வை பொல்லாததுன்னு பாஸே சொன்னான்ல? நம்ம மேல விழுந்துருந்தா என்னா ஆயிருக்கும்? அம்மனுக்குத் தெரியும். அதான் எல்லாம் போனவ மேல போட்டுட்டா. அவளுக்கு இனி போறதுக்கு என்னா இருக்கு?"

செயலாளர் "ஆமாங்க" என்றார். மற்றவர்களும் சொன்னார்கள். சில பொம்பளைகளும் சொன்னார்கள், அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. காலையில் படியில் கிடைத்ததை மத்தியானச் சோற்றுக்குள் பிடுங்கிக்கொண்டார்கள். நான் இலையைத் தூக்கி எறிந்துவிட்டு எழுந்தேன். அம்மா சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தாள். "ஒக்காந்து தின்னு" என்றாள் என்னிடம், அவ்வளவுதான். வருகிற வழியெல்லாம் அம்மன் காலடியில் உட்கார்ந்து, வளைவுகளில் சிலை ஆடாமல் பீடத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

தோட்டத்தில் மேளதாளத்தோடு இறக்கினார்கள். கதவுக்குக் கொண்டு போனார்கள். அம்மன் போகவில்லை. நேராகப் பார்த்தார்கள், பக்கவாட்டில் பார்த்தார்கள். சாய்க்கக்கூடாது. செயலாளர் கதவைக் கழற்றச் சொன்னார், கழற்றினார்கள், அப்போதும் நிலை இடித்தது. சுவரை இடிக்கலாம் என்றால் சுவர் தோட்டத்துச் சொத்து, துரையிடம் அனுமதி வாங்க வேண்டும். கடுதாசி எழுதிக் கொடுத்தார்கள். பதில் வரும் என்று சொன்னார்கள். நான் கல்யாணமாகி வேறு தோட்டத்துக்குப் போகும்வரை பதில் வரவில்லை.

ஆகவே அம்மன் வெளியே, கோயில் வாசலில், நாலு கம்பு நட்டுப் போட்ட தகரத்துக்குக் கீழே நின்றாள். முகம் பாதைப் பக்கம். மூன்று லயத்திலிருந்தும் பெரட்டுக்குப் போகிற பாதை அது ஒன்றுதான். பாதை மேட்டில் போகிறது, கோயில் கொஞ்சம் பள்ளம். அந்தக் கண் எந்த மட்டத்துக்குப் பார்க்கும் என்று உங்களுக்கே தெரியும். பாதையில் போகிற ஆளின் முகத்தை நேராகப் பார்க்கும்.

தோட்டத்தில் யாருக்கும் முன்னால் எழுந்து அந்தப் பாதையில் போகிறவள் யார்? கங்காணி தண்ணீர் குடிக்கத் திரும்ப வேண்டாமே என்று இருட்டோடு இருட்டாகப் போகிறவள் யார்? அம்மா தினமும் அங்கே ஒரு நிமிஷம் நிற்பாள். கும்பிடுவாள். பிறகு போவாள்.

ஒரு மாதம் போயிருக்கும். நல்ல பனி. அன்றைக்கு எனக்கு உடம்பு சரியில்லாமல் புறப்படத் தாமதமாகிவிட்டது. எனக்காகக் காத்திருந்த அம்மாவும் நானும் கூடையோடு கோயில் அருகே வரும்போது வெளிச்சம் வந்துவிட்டது. பின்னால் இரண்டு லயத்துப் பொம்பளைகளும் வந்துகொண்டிருந்தார்கள். எதிரே, தன் வீட்டிலிருந்து வந்து அங்கே சேருகிற ஒற்றையடிப் பாதையில், பனிக்குள்ளிருந்து, தலைப்பாகை. கங்காணி.

மனுஷர் நின்றார். வழக்கம்போலச் சூள் கொட்டினார். வழக்கம்போலத் திரும்பினார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா பேசிவிட்டாள். சத்தம் போட்டுப் பேசவில்லை. டின்னைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து அரிசி கேட்பாளே, அந்தக் குரல்தான்.

"திரும்பிப் போறதுன்னா போங்க, கங்காணி ஐயா. ஆனா அவ தெனமும் எம் மூஞ்சியிலதான் முழிக்கிறா." கூடைக் கயிற்றைத் தலையில் சரிசெய்துகொண்டு சிலைப் பக்கம் முகத்தைக் காட்டினாள். "அவளுக்கு ஒண்ணும் ஆவலையே."

பின்னால் வந்த பொம்பளைகள் நின்றுவிட்டார்கள். கங்காணி அம்மாவைப் பார்த்தார். பிறகு, அவரால் முடியாமல், அம்மனைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. அவர் குட்டை.

அன்றைக்குத்தான் அந்த மனுஷர் பாதையை விட்டு ஓரமாக, பனியில் நனைந்த தேயிலைச் செடிக்குள் காலை வைத்து, வழி விட்டார். தண்ணீர் குடிக்கத் திரும்பிப் போகவில்லை. அம்மா அவரைத் தாண்டி நடந்தாள், நான் அவள் பின்னால் நடந்தேன், லயத்துப் பொம்பளைகள் எங்கள் பின்னால் வந்தார்கள். பெரட்டுக்களத்தில் அம்மா வழக்கமாக நிற்கிற ஓரத்துக்குப் போகவில்லை. முதல் வரிசையில் போய் நின்றாள்.